மூணு மணிக்கு முன்னாடி இறங்கிய இயேசு

நெல்லிமொட்டை எஸ்டேட்டில் இயேசு வேலை பார்த்தது தேயிலை ஃபாக்டரியின் டிரையர் அடுப்பில். சம்பளப் பட்டியலில் பெயர் யாக்கோபு, வயது நாற்பத்தாறு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று தாடியை விட்டால் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமைதான் கத்தி படும். அத்தனை நாளும் அடுப்பில் விறகு தள்ளுகிற அவனைப் பார்த்து மலையாளி சூப்பர்வைசர்கூட, "யாக்கோபு சேட்டா, தீயைக் கொஞ்சம் கூட்டணும் கேட்டோ" என்று பணிவாகச் சொல்வார். தாடி எடுத்த மறுநாளே அந்தச் சேட்டன் காணாமல் போய்விடுவான். பழையபடி "டா" வந்துவிடும்.

பதினோரு வருஷமாக, இயேசுவின் பாடுகளைக் காட்டும் எஸ்டேட் பாஸ்கு நாடகத்தில் அவன்தான் இயேசு. விலா எலும்பை எட்ட நின்றே எண்ணிவிடலாம் என்பது ஒரு காரணம். தவக்காலம் முழுக்கக் குடிக்காமல் இருக்க அந்த எஸ்டேட்டில் வேறு கத்தோலிக்கனுக்குத் திராணி இல்லை என்பது இன்னொரு காரணம். ஆனால் அசல் காரணம், யாக்கோபுக்கு வித்தை தெரியும். பதினெட்டு வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு மலை இறங்கி, கம்பம், உத்தமபாளையம் சந்தைகளில் வித்தை காட்டிய ஒருத்தரின் பெட்டியை இரண்டு வருஷம் சுமந்தவன். திரும்பி வந்தபோது காதுக்குப் பின்னாலிருந்து நாணயம் எடுப்பான், முடிச்சுப் போட்ட கயிற்றைத் தொடாமல் அவிழ்ப்பான், காலிக் கூடையைக் காட்டி மூடித் திறந்து கோழிக்குஞ்சு எடுப்பான்.

மற்ற எஸ்டேட் இயேசுக்கள் பானையைப் பார்த்துக் கையை நீட்டுவதோடு சரி. தண்ணீர் திராட்சை ரசமானதை ஜனங்கள் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நெல்லிமொட்டையில் அப்படியில்லை. கண்ணாடி ஜக்கில் தெளிந்த தண்ணீர் இருக்கும். யாக்கோபு அதன்மேல் கையை வைப்பான், நகத்துக்கடியில் நாலு துணுக்கு பர்மாங்கனேட் இருக்கும். கிணற்றுக்குப் போடுகிற அதே சரக்குதான். முந்நூறு பேர் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் நாவல்பழ நிறத்துக்குத் திரும்பும். குடிக்க மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டான். ஐந்து அப்பம் பெருகுவதற்கு அடியில் இன்னொரு அடி வைத்த கூடை இருந்தது.

நோய்க்குப் பஞ்சமே இல்லை, ஆசீர்வாதம் இருந்தான். ஃபாக்டரியில் தூள் சலிக்கிற அவன்தான் நாடகத்தில் குருடன், முடவன், குஷ்டரோகி, செத்து எழுந்த லாசர் எல்லாம். பெரிய வெள்ளிக்கிழமையானால் இயேசுவுக்கு இடது பக்கத்துச் சிலுவையில் தொங்கும் கள்ளன். ஒரே வாரத்தில் இத்தனை முறை குணமாகியும் அவனுக்கு மூலம் மட்டும் குணமாகவில்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிரிப்பார்கள்.

டிரையர் பக்கத்தில் எண்ணெய்க்கறை படிந்த பைபிள் ஒன்று கிடக்கும். யாக்கோபு அதைப் பக்தியாகப் படித்தானா என்று சொல்ல முடியாது. சக தொழில்காரனின் கையைக் கவனிப்பதுபோல் படித்தான்.

"ஏம்வே ஆசீர்வாதம், ஒரு எடத்துல குருடன் கண்ணைத் தொட்டாரு, தொறந்துட்டு. இன்னொரு எடத்துல எச்சியத் துப்பி மண்ணக் கொழச்சுப் பூசுதாரு. அந்த மண்ணு எதுக்கு?"

"எதுக்காம்?"

"கூட்டம் பூரா மண்ணப் பாக்கும். மத்தக் கைய எவனும் பாக்க மாட்டான்."

"நீரு நரகத்துக்குத்தாம்வே போவீரு. அங்கயும் அடுப்புதான், பழகுன வேலை."

"சின்னப்பிள்ளைல எகிப்துல இருந்தவரு. மோசே காலத்துலயே கம்பப் பாம்பாக்குத ஆளுக அங்க உண்டு. அவர எதுத்த பரிசேயனும் என்ன சொன்னான்? பேய வச்சுத்தான் பேய ஓட்டுதான்னான். அப்போ அவனும் வித்தைன்னுதான நெனைச்சிருக்கான்?"

அவிசுவாசத்தில் பேசிய பேச்சல்ல அது. எல்லா வித்தைக்காரனும் ஒரு தடவையாவது பிடிபடுவான், இவர் பிடிபடவே இல்லை என்பதில் யாக்கோபுக்கு அப்படியொரு மதிப்பு. ஒரே ஒரு இடம்தான் அவனுக்கு விளங்காமல் கிடந்தது. சிலுவையில் தொங்கும்போது கீழே நின்றவர்கள், நீ தேவ குமாரனானால் இறங்கி வா, நம்புகிறோம் என்று கேட்டார்கள். அவர் இறங்கவில்லை. "கூட்டம் கேக்கும்போது, தெரிஞ்ச வித்தையக் காட்டாம இருக்க ஒருத்தனால முடியுமாவே?" என்பான். ஆசீர்வாதம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவான்.

பக்கத்து லயத்தில் சிசிலி இருந்தாள், கொழுந்து எடுப்பவள். ஏலத்தோட்டத்தில் மரக்கிளை விழுந்து புருஷன் செத்து நாலு வருஷம். மகள் சிஞ்சுவுக்கு ஒன்பது வயது. ஏழாவது வயதில் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். கிழவர்களுக்கு வருகிறது இதற்கு எப்படி என்று லயமே வாயில் கைவைத்தது. காலையும் மாலையும் தொடையில் இன்சுலின் ஊசி. சாகும்வரை போட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊசி நேரத்தில் சிஞ்சு போடும் கூச்சல் ஃபாக்டரி சங்கைவிடப் பெரிது. அதனால் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் யாக்கோபு எட்டிப் பார்ப்பான். அவள் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு ரூபாய் எடுப்பான், அது இரண்டாகும், மறையும், அவள் மூக்கிலிருந்து விழும். அவள் காசைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிசிலி ஊசியைப் போட்டு எடுத்துவிடுவாள்.

"ஊசியே இல்லாம ஆக்குத வித்தை உங்களுக்குத் தெரியாதா, இயேசு மாமா?"

"அது படிக்கதுக்குள்ள வாத்தியாரு வெரட்டிட்டாரு, மக்கா."

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு மத்தியானம், தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் மைதானத்தில் அற்புதங்கள் பகுதி நடந்தது. இயேசு உயிரோடு எழுப்பும் யாயீர் மகளாகச் செத்துக்கிடக்க வேண்டிய பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. கடைசி நேரத்தில் சிஞ்சுவைப் படுக்கவைத்தார்கள். பவுடர், வெள்ளைச் சேலை, முல்லைப்பூ என்று அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலையில் ஊசி போட்டதோடு சரி, அந்தச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

யாக்கோபு பெஞ்சருகே போய் அவள் கையைப் பிடித்தான். கை ஜில்லென்று நனைந்திருந்தது. இமையை விலக்கினான், கண் மேலே செருகியிருந்தது. பிள்ளை நடிக்கவில்லை.

அவனுக்கு அது தெரியும். சிசிலி வீட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும், உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அவன் இடுப்பு மடிப்பில், பிள்ளைகளுக்குக் கொடுக்க நுணுக்கிய கற்கண்டுப் பொட்டலம் இருந்தது. நாடகத்தை நிறுத்துங்க, பிள்ளைக்கு மயக்கம் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். முன்னால் முந்நூறு பேர். பதினோரு வருஷத்தில் ஒரு காட்சிகூட அவன் கையில் கெட்டதில்லை.

இடது கையை வானத்துக்கு உயர்த்தினான். கூட்டம் இடது கையைப் பார்த்தது. வலது கை கற்கண்டை அவள் கன்னத்துக்குள் ஒதுக்கித் தேய்த்தது.

"சிறுமியே, உனக்குச் சொல்கிறேன், எழுந்திரு."

எழவில்லை. மறுபடி சொன்னான், மறுபடி தேய்த்தான். நாலைந்து நிமிஷம். நாடகத்தில் இல்லாத ஜெபத்தையெல்லாம் சொல்லித் தள்ளினான். கடைசியில் அவள் கண்ணைத் திறந்து, "மாமா, இனிக்குது" என்று முனகிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது மைதானம் அழுதது. மேடையோரம் ஒப்பாரி வைக்கும் பெண்களோடு நின்ற சிசிலி சத்தமே இல்லாமல் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். மகள் கண் செருகியதை அவளும் பார்த்திருந்தாள். கற்கண்டைப் பார்க்கவில்லை. பார்க்காதபடி செய்வதுதானே யாக்கோபின் தொழில்.

வீட்டுக்குப் போனதும் சிசிலி மகள் விரலில் குத்திச் சர்க்கரை மிஷினில் வைத்தாள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு குறைவாக அது காட்டியதே இல்லை. அன்று சாயங்காலம் ஊசி போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மிஷினையும் எடுக்கவில்லை.

புனித வியாழன் காலையில் சிஞ்சு தண்ணீர் பாட்டிலோடு ஃபாக்டரி வாசலுக்கு வந்தாள்.

"மாமா, எனக்கு இனிமே ஊசி கெடையாதே!" என்று சொல்லிவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை மூச்சுவிடாமல் குடித்து முடித்து, "இன்னும் தண்ணி வேணும்" என்றாள்.

யாக்கோபு கையிலிருந்த விறகைக் கீழே போட்டான். "எப்பலருந்து மக்கா?"

"நீங்க எழுப்புனதுலருந்து."

அடுப்பை ஆசீர்வாதத்திடம் விட்டுவிட்டு ஓடினான். வீட்டுக்குப் போய் இரட்டை அடிக் கூடையையும் பர்மாங்கனேட், கற்கண்டுப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு சிசிலி வாசலில் போய் நின்றான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சிசிலி, நான் சொல்லுதத நல்லாக் கேளு. அன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணல. சீனி எறங்கி மயங்கிட்டா. கற்கண்ட வாயில வச்சேன். அவ்வளவுதான். இந்தா பாரு கற்கண்டுப் பொட்டலம்."

சிசிலி பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏளா, கண்ணுல ஒத்தாத! கடையில வாங்குனது!"

"அண்ணே, ஆண்டவரு அந்தப் பிள்ளைய எழுப்பிட்டு என்ன சொன்னாரு? யாருக்கும் சொல்லாதீங்க, பிள்ளைக்குத் திங்க ஏதாச்சும் குடுங்கன்னு சொன்னாரா இல்லையா? நீங்க திங்கக் குடுத்தீய. இப்போ சொல்லாதன்னு சொல்லுதீய. எழுதியிருக்கபடிதான நடக்கு?"

எழுதியிருக்கத்தான் செய்தது. அந்த வசனத்தை யாக்கோபே எத்தனையோ தடவை படித்திருக்கிறான்.

செம்பில் தண்ணீர் வாங்கி, நகத்தைக் காட்டி, பொடியைக் காட்டி, நிறத்தை மாற்றிக் காட்டினான். கூடையின் உள்ளடியைப் பிய்த்தே காட்டினான். எந்த வித்தைக்காரனும் உயிர் போனாலும் செய்யாத காரியம்.

"நீங்க வெறும் ஆளுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? அடுப்புக்கு வெறகு தள்ளுத ஆளு. ஆண்டவரு கழுதை மேல ஏறி வரலையா? அந்த மாதிரி உங்க மேல ஏறி வந்திருக்காரு."

கழுதை என்று இவ்வளவு பிரியமாக அவனை யாரும் சொன்னதில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் ஜிஜி புனித வாரத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "ஐயோ சேட்டா, இப்பத்தன்னே கொண்டுபோங்க. நாளைக்குன்னு வைக்கவே கூடாது. சேச்சி, கேக்குறீங்களா? இந்தக் குழந்தைக்கு இன்சுலின் இல்லாம ஒடம்புல விஷம் ஏறும்." சிசிலி தலையை ஆட்டினாள். போனை வைத்ததும், "நாளைக்குப் பெரிய வெள்ளி. ஆண்டவரு பாடு முடியட்டும், அண்ணே. சனிக்கெழம விடிஞ்சதும் மொதப் பஸ்ஸுல போவோம். சத்தியம்" என்றாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் அன்று மாலை நாடகத்தில் சீடர்கள் பன்னிரண்டு பேர் காலைக் கழுவ வேண்டியிருந்தது, சிலுவை நட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சிஞ்சுவும் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமை என்றால் இடையில் ஒரு நாள்தானே என்று நினைத்தான். அந்த 'தானே'யைப் பிற்பாடு அவன் எத்தனையோ முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவனைச் சிலுவையில் ஏற்றினார்கள். இயேசு உயிர்விட்ட மூன்று மணிக்குத் தலை சாய வேண்டும். காலுக்குக் கட்டை உண்டு. கைக்குக் கயிறு, அதை மறைக்கச் சிவப்புச் சாயத் துணி. மணிக்கட்டு முடிச்சை எப்போதும் அவனே சொல்லித்தான் கட்டவைப்பான். பார்க்க இறுக்கமாக இருக்கும், சுண்டுவிரலால் ஒரு நுனியை இழுத்தால் விட்டுவிடும் சந்தை முடிச்சு. பதினோரு வருஷமும் அதை இழுத்ததில்லை. மார்பில் சின்ன மைக் குத்தியிருந்தார்கள்.

ஒரு மணி சுமாருக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. சிசிலி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சிலுவையின் அடியில் சேலையை விரித்துக் கிடத்தினாள். கிடத்திவிட்டு முழங்காலில் நின்று மேலே பார்த்தாள்.

மேலே இருந்தவன் கீழே பார்த்தான். சிஞ்சுவின் உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் வாந்தி காய்ந்திருந்தது. விலா எழுந்து அடங்கி எழுந்து அடங்கி, ஓடிவந்த நாய்க்கு இளைப்பதுபோல் இளைத்தது. ஓடவே இல்லை, படுத்துத்தான் கிடந்தாள்.

பக்கத்துச் சிலுவையில் ஆசீர்வாதம் தன் முறைக்கு முழங்கினான்: "நீ கிறிஸ்துவானால் இறங்கி வா! உன்னையும் எங்களையும் காப்பாற்று!"

"எலே ஆசீர்வாதம், பிள்ளையப் பாருல."

ஒலிபெருக்கியில் அது மலை முழுக்கக் கேட்டது. ஆசீர்வாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, "வசனத்தச் சொல்லும்வே" என்றான். அதுவும் கேட்டது.

"பிள்ளை சாவுதுல! அவள ஆசுபத்திரிக்குத் தூக்குங்கல! யாராச்சும் தூக்குங்கல!"

இந்த வருஷம் இயேசு உருக்கமாகப் பேசுகிறார் என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தரும் நகரவில்லை. சிசிலி கைகளை விரித்து, "ஆண்டவரே" என்றாள்.

யாக்கோபு சுண்டுவிரலை மடக்கி நுனியை இழுத்தான்.

வலது கை விட்டது. இடது கையும் விட்டது. கட்டையிலிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகியது. முள்முடியோடும் சிவப்புச் சாயத்தோடும் பிள்ளையை வாரி எடுத்தான். அவள் வாயிலிருந்து அழுகிய பழவாடை அடித்தது. சிசிலி அவன் காலைக் கட்டிக்கொண்டு, "எறங்காதீங்கண்ணே, மூணு மணி ஆவல, மூணு மணி ஆவல" என்று கத்தினாள். அவளையும் இழுத்துக்கொண்டே போனான்.

ரோமப் போர்வீரனாக நின்ற ரிஜின்தான் எஸ்டேட் ஜீப் டிரைவர். தகரத் தொப்பியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஜீப்பை எடுத்தான். தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு இருபத்தேழு கிலோமீட்டர். நாலாவது கொண்டையூசி வளைவில் வேறொரு பங்குக் கோயிலின் சிலுவைப்பாதை ஊர்வலம் மலையேறி வந்துகொண்டிருந்தது. ஐந்நூறு அறுநூறு பேர், தோளில் தோளில் சிலுவை. ரிஜின் ஹாரனை அழுத்தினான். முன்னால் வந்தவர்கள் ஜீப்புக்குள் பார்த்தார்கள். தாடியும் முள்முடியும் ரத்தமுமாக, மடியில் பிள்ளையோடு ஒருவர். அவர்கள் விலகவில்லை. ரோட்டிலேயே முழங்கால் போட்டார்கள்.

"எந்திரிங்க! வழி விடுங்க!" என்று யாக்கோபு முள்முடியைப் பிய்த்து வெளியே எறிந்தான். ஒரு கிழவர் அதைப் பொறுக்கி முத்தமிட்டார்.

அங்கே பதினைந்து நிமிஷம் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் எத்தனை நாளாக ஊசி போடவில்லை என்று கேட்டாள். சிசிலி, "ஞாயித்துக்கெழமையே குணமாயிட்டு" என்றாள். டாக்டர் அவளைப் பார்த்தாள், தாடிக்காரனைப் பார்த்தாள், பிறகு யாரையும் பார்க்காமல் வேலையைக் கவனித்தாள். சலைன் ஏற்றி, ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அனுப்பப் பிள்ளை இல்லை. மணி நாலேகால்.

சனிக்கிழமை மத்தியானம் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் யாரும் அவனோடு பேசவில்லை. ஆனால் பேச்சு காதில் விழுந்தது. அவன் கற்கண்டை மறைத்ததை யாரும் சொல்லவில்லை. சிசிலி ஊசியை நிறுத்தியதையும் சொல்லவில்லை. "மூணு மணி வரைக்கும் பொறுத்துத் தொங்கியிருந்தான்னா பிள்ளை எந்திரிச்சிருக்கும்" என்றார்கள். சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து அங்கியையும் டோப்பாவையும் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஆசீர்வாதம் மட்டும் வாசல்படியில் வந்து உட்கார்ந்தான். "அவரு ஏன் எறங்கலன்னு கேட்டுக்கிட்டே இருப்பீருல்லா" என்று ஆரம்பித்தான். முடிக்காமல் எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஈஸ்டர் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது யாக்கோபு தாடியை எடுத்துக்கொண்டிருந்தான். பாதி எடுத்த முகத்தோடு கதவைத் திறந்தான். சிசிலி நின்றாள். தலைகுளித்து, வெளுத்த சேலை கட்டி, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு.

"மூணாம் நாளுண்ணே. வாங்க."

"சிசிலி..."

"இடியாப்பம் அவிச்சிருக்கேன். பாலும் இருக்கு. எந்திரிச்சதும் திங்கக் குடுக்கணும்லா."

அவள் கண்ணில் பைத்தியம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நொண்டிக்கொண்டு பின்னால் போனான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

தேயிலைச் சரிவுக்கு மேலே ஈர மண்மேடு. மேலே வைத்த செவ்வந்தி இன்னும் வாடவில்லை. சிசிலி தூக்குச் சட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டாள், அன்று மேடையோரம் நின்றதுபோல. மணிச்சத்தம் நின்றுபோயிருந்தது.

யாக்கோபு மண்மேட்டருகே குந்தினான். எதைச் சொன்னாலும் அவள் அதை எழுதியிருக்கிறபடிதான் எடுத்துக்கொள்வாள். மௌனமாக இருந்தால் அதற்கும் ஒரு வசனம் இருக்கும். அழத்தான் வந்தது, இயேசுவும் லாசரின் கல்லறையில் அழுதவர்தான்.

சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டினான். இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவள் பக்கம் நீட்டினான். புரட்டிப் புறங்கையைக் காட்டினான். விரல்களை அகற்றி இடுக்குகளைக் காட்டினான். நகங்களைக் காட்டினான்.

"பாரு சிசிலி. கையில ஒண்ணுமே இல்ல. நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். அவன் கையை இவ்வளவு உற்று யாரும் பார்த்ததில்லை. சிஞ்சுவுக்குக் காசு வித்தை காட்டும்போதும் அவன் முதலில் இப்படித்தான் வெறுங்கையைக் காட்டுவான். பக்கத்தில் ஊசியோடு நின்ற சிசிலி அதைத் தினமும் இரண்டு வேளை பார்த்தவள். வித்தை எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் மண்மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.